பித்தம் என்று ஒதுக்கிய தலைசுற்றல்: பாசி எடுக்கும் பெண் ஒருவரின் இடது காது

பின்னணி

அந்த அக்காவுக்கு அப்போது வயது 44. ராமநாதபுரம் மாவட்டத்தில் மன்னார் வளைகுடாவைப் பார்த்திருக்கும் ஒரு கடற்கரைக் கிராமம். சிறுமியாக இருந்தபோதே அம்மாவோடு கடலில் இறங்கிப் பாசி எடுக்கப் பழகியவர். அவருடைய சம்மதத்தோடுதான் இதை எழுதுகிறேன். ஆளை அடையாளம் காட்டக்கூடிய சில விவரங்களை மட்டும் மாற்றியிருக்கிறேன். நான் அந்தப் பக்கத்தில் ஒரு சிறிய மருத்துவமனையில் வாரம் இரண்டு நாள் பார்க்கும் பொது மருத்துவர். காது, மூக்கு, தொண்டையில் தனிப் படிப்பு எனக்கு இல்லை.

பாசித் தொழிலை நேரில் பார்க்காதவர்களுக்காகக் கொஞ்சம் சொல்ல வேண்டும். விடியற்காலையில் பத்துப் பன்னிரண்டு பெண்கள் ஒரே வள்ளத்தில் ஏறித் தீவுப் பக்கம் போவார்கள். சேலைக்கு மேல் ஆண்பிள்ளைச் சட்டை, கண்ணுக்குக் கண்ணாடி, பாறை கிழிக்காமல் இருக்க விரல்களில் துணிச்சுற்று, இடுப்பில் பை. மூச்சை அடக்கிக்கொண்டு முங்கி, பாறையில் பற்றியிருக்கும் மரிக்கொழுந்து, கஞ்சிப்பாசி என்ற கடற்பாசி வகைகளைக் கையால் பறித்துக்கொண்டு மேலே வருவார்கள். ஒரு நாளைக்கு எத்தனை முறை முங்குகிறார்கள் என்று அவர்களே எண்ணுவதில்லை. அமாவாசையையும் பௌர்ணமியையும் ஒட்டி மாதத்தில் 12 நாள் வாக்கில்தான் தொழில். அந்த நாட்களில் சளி பிடித்தாலும் காய்ச்சல் அடித்தாலும் வீட்டில் உட்கார மனசு வராது. இந்தக் காதின் கதை அந்த இடத்தில்தான் தொடங்குகிறது.

தை மாதம், அமாவாசைக்கு மறுநாள். அவருக்கு மூக்கடைப்போடு சளி. இரண்டு ஆள் ஆழத்தில் முங்கியபோது இடது காதில் குத்துவது போல வலி. வழக்கமாக எச்சிலை விழுங்கினால் ‘டப்’ என்று திறந்துகொள்ளும் காது அன்று திறக்கவில்லை. பாசி நல்ல பாசி, விட மனசில்லாமல் இன்னும் ஒரு முழம் இறங்கினார். உள்ளே ஏதோ கிழிந்தது போல ஒரு சத்தம். வலி உடனே விட்டுவிட்டது. ‘சரி, காது திறந்துருச்சு’ என்றே நினைத்தாராம்.

முதல் வருகை: 9ஆம் நாள்

“காது அடைச்சிருக்கு டாக்டரம்மா. தண்ணி போயிருச்சு போல” என்று சொல்லிக்கொண்டுதான் வந்தார். அதற்குள் வீட்டில் பூண்டு தட்டிப்போட்டுக் காய்ச்சிய நல்லெண்ணெயை இரண்டு நாள் விட்டிருக்கிறார்கள். அப்புறம் மருந்துக்கடையில் கேட்டு வாங்கிய ஒரு சொட்டு மருந்து, நான்கு நாள்.

ஓட்டோஸ்கோப் வைத்துப் பார்த்தேன். காதுக்குழி முழுக்க எண்ணெய்ப் பிசுக்கு. சுத்தம் செய்த பிறகு செவிப்பறை தெரிந்தது. செவிப்பறையைக் கடிகார முகமாக வைத்துக்கொண்டால், இடது காதில் வெளிச்சம் முக்கோணமாகத் தெறிக்கும் இடம் ஏழு மணிப் பக்கம். அவருக்கு அங்கே வெளிச்சத்துக்குப் பதிலாக ஒரு ஓட்டை இருந்தது. கடுகைவிடக் கொஞ்சம் பெரிது, ஓரத்தில் காய்ந்த ரத்தம்.

நடந்தது இதுதான். செவிப்பறைக்குப் பின்னால் இருக்கும் நடுக்காது ஒரு சின்னக் காற்றறை. ஒன்றிரண்டு மில்லி கொள்ளும் அளவுதான். தொண்டைக்கும் அதற்கும் நடுவே மூன்றரை சென்டிமீட்டர் நீளத்தில் ஒரு குழல் ஓடுகிறது. எச்சில் விழுங்கும்போதும் கொட்டாவி விடும்போதும் அது திறந்து, உள்ளே இருக்கும் காற்றழுத்தத்தை வெளியோடு சமப்படுத்தும். கடலில் 10 மீட்டர் இறங்கினால் ஒரு வளிமண்டல அழுத்தம் கூடுகிறது. 3 மீட்டருக்கே கிட்டத்தட்ட மூன்றில் ஒரு பங்கு. சளியால் அந்தக் குழல் வீங்கி மூடியிருந்தால் வெளியே கூடும் அழுத்தம் முழுவதையும் செவிப்பறை ஒன்றே தாங்க வேண்டும். அதன் தடிமனோ ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்குதான். இவ்வளவு ஆழத்திலேயே கிழிந்துவிடும். கிழிந்ததும் வலி குறைந்ததற்குக் காரணம், இரண்டு பக்கமும் அழுத்தம் சமமாகிவிட்டதுதான்.

தட்டினால் ஒரே சுருதியில் அதிரும் உலோகக் கவையான 512 ஹெர்ட்ஸ் டியூனிங் ஃபோர்க்கைத் தட்டி நெற்றி நடுவில் வைத்து, எந்தக் காதில் கேட்கிறது என்று கேட்டேன். ஒரு நிமிடம் யோசித்தார். “இடது காதுலதான் நல்லாக் கேக்குது. அதெப்படி, அதுதானே அடைச்சிருக்கு?” என்றார். பலரும் வியக்கும் சோதனை இது. சத்தம் உள்ளே போகும் வழியில் தடை என்றால் எலும்பு வழியாக வரும் அதிர்வு அந்தக் காதில்தான் ஓங்கிக் கேட்கும். உள்காதோ நரம்போ கெட்டிருந்தால் நல்ல காதுப் பக்கம் சாயும். காதுக்குப் பின்னால் எலும்பிலும் பிறகு காதின் முன்னாலும் வைத்துப் பார்த்தபோதும் எலும்பு வழியே நன்றாகக் கேட்டது. ஆக, உள்காது பிழைத்திருக்கிறது, கோளாறு செவிப்பறையோடு நிற்கிறது என்ற முடிவுக்கு வந்தேன். பிறகு மாவட்டத் தலைநகரில் எடுத்த ஆடியோகிராமும், அதாவது கேள்திறன் சோதனையும், அதையே சொன்னது. எவ்வளவு மெல்லிய சத்தம்வரை கேட்கிறது என்பதை அது டெசிபலில் காட்டும், எண் குறைவாக இருந்தால் கேள்திறன் நல்லது. இடது காதில் காற்று வழியாக 38 டெசிபல், எலும்பு வழியாக 10 டெசிபல்.

முதல் முடிவும் அதற்கான காரணமும்

அடிபட்டுக் கிழிந்த செவிப்பறை, சீழ் பிடிக்காமல் உலர்வாக இருந்தால் பெரும்பாலும் மூன்று மாதத்துக்குள் தானாகவே மூடிக்கொள்ளும். அதனால் மருந்து எதுவும் கொடுக்கவில்லை. எண்ணெய் கூடாது, தலைக்குக் குளிக்கும்போது வாசலின் தடவிய பஞ்சை வைக்க வேண்டும், மூக்கை அழுத்திச் சிந்தக் கூடாது, மூன்று மாதம் கடலில் இறங்கக் கூடாது என்றேன்.

அந்தச் சொட்டு மருந்தை உடனே நிறுத்தினேன். அதில் ஜென்டாமைசின் என்ற கிருமிக்கொல்லி மருந்து இருந்தது. செவிப்பறை முழுசாக இருக்கும்போது அது வெளிக்காதோடு நின்றுவிடும். ஓட்டை இருந்தால் நடுக்காதுக்குள் இறங்கி, அங்கிருந்து மெல்லிய சவ்வு வழியாக உள்காதுக்குள்ளும் போகலாம். ஒலியையும் அசைவையும் உணரும் உள்காதின் மயிரணுக்களை அது கொல்லும், அதிலும் சமநிலை பார்க்கும் அணுக்களை முதலில் கொல்லும். மனிதர்களுக்கு, கேட்கும் மயிரணு ஒருமுறை போனால் திரும்ப முளைப்பதில்லை. காதுக்குள் பார்க்காமல் காதுச் சொட்டு வாங்கிப் போடக் கூடாது என்று நான் இன்றும் எல்லோரிடமும் மல்லுக்கட்டுவது இதனால்தான்.

எல்லாவற்றுக்கும் தலையாட்டினார். வீட்டுக்குப் போனார். நான் இரண்டு கேள்விகளைக் கேட்கவில்லை. மூன்று மாதம் கடலுக்குப் போகாவிட்டால் வீடு எப்படி ஓடும் என்பது ஒன்று. தலை சுற்றுகிறதா என்பது இன்னொன்று. என் குறிப்பேட்டில் வலி, சீழ், இரைச்சல், கேட்கும் திறன் என்று நான்குக்கும் பதில் இருக்கிறது. தலைசுற்றல் என்ற சொல்லே அந்தப் பக்கத்தில் இல்லை.

கடலுக்குள் நடந்தது: 31ஆம் நாள்

மாசி அமாவாசைக்கு அடுத்த நாள் அவர் மறுபடி கடலுக்குப் போனார். மகளுக்குக் கல்லூரிக் கட்டணம் கட்ட வேண்டியிருந்தது. என் பேச்சை அவர் முழுவதும் தள்ளிவிடவும் இல்லை. காதில் தேங்காயெண்ணெயில் நனைத்த பஞ்சை அழுத்தி வைத்துக்கொண்டுதான் இறங்கியிருக்கிறார்.

முதல் முங்கில் ஒன்றும் இல்லை. இரண்டாவது முங்கில் பஞ்சு நகர்ந்து காதுக்குள் குளிர்ச்சியாக ஏதோ இறங்கியது. அடுத்த சில நொடிகளில் பாறையும் பாசியும் ஒரு பக்கமாகச் சுழன்று ஓடின. மூன்று நாள் கழித்து என் எதிரில் உட்கார்ந்து, வலது கையை மேசைமேல் ஊன்றிக் காட்டியபடி சொன்னார்: “மேல போறேன்னு நெனச்சுத்தாம்மா காலை ஒதைச்சேன். கை மணல்ல போய்க் குத்துச்சு.”

மேலே போவதாக நினைத்து அடியை நோக்கி நீந்தியிருக்கிறார். மணலில் கை பட்டதும் பதறாமல் கொஞ்சம் காற்றை வாயிலிருந்து விட்டார். குமிழிகள் எந்தப் பக்கம் ஓடின என்று பார்த்து, அந்தப் பக்கமே போனார். மேலே வந்ததும் கண் நிலைகொள்ளவில்லை, வாந்தி. பக்கத்தில் தலையை வெளியே எடுத்த மதினிதான் சட்டையைப் பிடித்து நங்கூரக் கயிறுவரை இழுத்துவந்தார். வள்ளத்தில் அப்போது யாரும் இல்லை, எல்லோரும் தண்ணீருக்குள்.

குமிழியைப் பார்த்துப் போக வேண்டும் என்று அவருக்கு யார் சொல்லிக்கொடுத்தார்கள் என்று கேட்டேன். அம்மா சொன்னது என்றார். அன்று அவர் உயிரைக் காப்பாற்றியது அந்த அம்மாவின் சொல்.

இரண்டாம் வருகை: விடுபட்டதைக் கேட்டபோது

தலைசுற்றல் அன்றுதான் முதல் தடவையா என்று கேட்டேன். இல்லையாம். காது கிழிந்த அன்றும் தண்ணீருக்குள் சுற்றியிருக்கிறது. அந்த வாரம் தலைக்குக் குளித்தபோதும் ஒருமுறை சுற்றிச் சுவரைப் பிடித்திருக்கிறார். “ஏக்கா, அன்னைக்கே சொல்லலையே?” என்றேன். “அது பித்தம்னு நெனச்சேன். காதுக்கு வந்த எடத்துல பித்தத்தை எதுக்குச் சொல்லணும்?” என்றார். பித்தத்துக்கு எலுமிச்சம்பழமும் இஞ்சிச்சாறும் குடித்துக்கொண்டிருந்திருக்கிறார்.

அவர் மேல் தவறே இல்லை. நம் பேச்சில் காது என்றால் கேட்பது, தலைசுற்றல் என்றால் பித்தம். உள்காதின் பாதி வேலை சமநிலை என்று பள்ளியில் படித்த நானே அன்று கேட்கவில்லையே.

உள்காதில், கேட்பதற்கான நத்தை வடிவச் சுருளை ஒட்டியே மூன்று அரைவட்டக் குழல்கள் இருக்கின்றன. மூன்றும் மூன்று திசையில். உள்ளே திரவம். தலை திரும்பும்போது திரவம் பின்தங்கும், அந்த அசைவை மயிரணுக்கள் மூளைக்குச் சொல்லும். மூன்றில் படுக்கைவாட்டில் இருக்கும் குழல் நடுக்காதின் சுவரை ஒட்டியே போகிறது. நடுக்காதுக்குள் குளிர்ந்த நீர் வந்தால் குழலின் அந்தப் பக்கத்துத் திரவம் குளிர்ந்து கனமாகி நகரும். தலை அசையவே இல்லை, ஆனால் சுழல்கிறது என்று செய்தி போகும். வலது காது சும்மா இருக்க, இடது காது மட்டும் சொல்லும் பொய்ச்செய்தி.

இதைக் கண்டுபிடித்தவர் வியன்னாவில் வேலை பார்த்த ராபர்ட் பாரனி. காது கழுவும்போது நீர் குளிராக இருந்தால் நோயாளிகளின் கண் ஒரு பக்கமும், சூடாக இருந்தால் எதிர்ப் பக்கமும் துடிப்பதை அவர் கவனித்தார். அதற்காக 1914ஆம் ஆண்டின் நோபல் பரிசு அவருக்குக் கிடைத்தபோது ரஷ்யாவில் போர்க்கைதியாக இருந்தார். இன்றும் சமநிலைச் சோதனைக்குக் காதில் 30 டிகிரி நீரும் 44 டிகிரி நீரும் விடுகிறார்கள், அதாவது உடல் சூட்டைவிட 7 டிகிரி குறைவும் 7 டிகிரி கூடுதலும். நம் கடலை நாம் வெதுவெதுப்பான கடல் என்கிறோம். தை, மாசியில் அது 30 டிகிரிக்கும் கீழேதான். கிழிந்த செவிப்பறையோடு முங்குகிற பெண், தனக்குத் தெரியாமல் அந்தச் சோதனையைக் கடலடியில் செய்துகொள்கிறார். கரையில் என்றால் சுவரைப் பிடித்துக்கொள்ளலாம். கடலடியில் மேல் எது, கீழ் எது என்று சொல்ல உடம்பின் எடையும் பெரிதாக உதவாது. பாசி கலங்கிய நீரில் கண்ணும் உதவாது.

ஆனாலும் அவசரப்பட்டு அப்படி முடிவுகட்ட முடியாது. அழுத்தம் உள்காதையே கிழித்து அங்கிருந்து திரவம் கசிந்தாலும் தலை சுற்றும். அதுவாக இருந்தால் அன்றே பெரிய மருத்துவமனைக்கு அனுப்ப வேண்டும். கண் துடிப்பு இல்லை, கண்ணை மூடி நிற்கச் சொன்னால் சாயவில்லை, காதின் முன்மடலை அழுத்தினால் சுற்றல் வரவில்லை, டியூனிங் ஃபோர்க் பழையபடி இடது பக்கமே. கரையில் இருந்த மூன்று நாளும் ஒருதரம்கூடச் சுற்றவில்லை. தண்ணீர் புகுந்தால் மட்டும் வருகிற சுற்றல். இவ்வளவையும் சேர்த்துப் பார்த்தபின்தான் மனசு சமாதானமானது. ஓட்டையிலிருந்து சீழ் வடியத் தொடங்கியிருந்தது. அதற்கு உள்காதைக் கெடுக்காத சிப்ரோஃப்ளாக்சசின் சொட்டு ஒரு வாரத்துக்குக் கொடுத்தேன்.

சங்கை வைத்துச் சொன்னது

இந்தத் தடவை கட்டளை போட்டு அனுப்ப எனக்கு மனமில்லை. அவருடைய கொழுந்தனார் சங்கு குளிப்பவர், வீட்டில் குறுக்கே அறுத்த சங்கு ஒன்று இருக்கிறது என்றார். அடுத்த முறை அதையும் மதினியையும் கூட்டிக்கொண்டு வரச் சொன்னேன்.

வள்ளத்திலிருந்து கூப்பிட்டால் முங்கியிருப்பவருக்குக் கேட்குமா என்று கேட்டேன். கேட்காது, துடுப்பால் வள்ளத்தைத் தட்டினால்தான் கேட்கும் என்று இரண்டு பேரும் ஒரே குரலில் சொன்னார்கள். காற்றில் வரும் சத்தம் தண்ணீர் மேல் பட்டால் ஆயிரத்தில் ஒரு பங்கு அளவே உள்ளே போகிறது, மீதி திரும்பிவிடுகிறது. காதுக்குள்ளும் அதே சிக்கல்தான் என்று சங்கைக் காட்டினேன். கேட்கிற உறுப்பு இப்படித்தான் இரண்டரைச் சுற்றுச் சுருண்டிருக்கிறது, ஆனால் பட்டாணி அளவு, உள்ளே முழுக்கத் திரவம். வெளியே காற்று. காற்றின் சத்தத்தைத் திரவத்துக்குள் தள்ள வேண்டுமே, அதைத்தான் செவிப்பறையும் சுத்தி, பட்டடை, அங்கவடி என்ற மூன்று குட்டி எலும்புகளும் செய்கின்றன. அகலமான பறையில் வாங்கிய அழுத்தத்தை அதில் பதினேழில் ஒரு பங்கே பரப்புள்ள அங்கவடியின் அடித்தட்டில் குவிக்கின்றன. ஆணியின் தலையில் அடித்தால் முனை இறங்குவது போல. பறை ஓட்டையானால் அந்தத் தள்ளல் குறைகிறது, அதனால் காது மந்தம். அந்த ஓட்டை வழியாகவே தண்ணீர் போய் இந்தச் சங்குக்குப் பக்கத்தில் இருக்கும் குழல்களைக் குளிரவைத்து உங்களைச் சுழற்றுகிறது.

அவர் சங்கை வாங்கி, சுருள் முடியும் இடத்தில் விரலை வைத்துக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். “அப்ப, பறை மூடினா சுத்தாது?” என்றார். சுற்றாது என்றேன்.

இரண்டாவது முடிவு

முடிவை எடுத்தவர் மதினி. “அவ வள்ளத்துல இருக்கட்டும். நாங்க குடுக்குற பையை வாங்கிப் போடட்டும், தலையை எண்ணட்டும். பங்குல கொஞ்சம் குறைச்சு எல்லாரும் குடுக்குறோம்” என்றார். என் மனதில் இருந்த யோசனை, கரையில் பாசி காயவைக்கும் வேலை. அதைவிட இது பல மடங்கு மேல். தண்ணீரில் இறங்காமலே அவருக்குக் காசு கிடைத்தது. அந்த வள்ளத்தில் முதன்முறையாக மேலே ஒரு ஆள் இருந்து யார் முங்கினார், யார் வந்தார் என்று பார்த்துக்கொண்டிருந்தது.

பின்னர் நடந்தவை

சீழ் பத்து நாளில் நின்றது. ஓட்டை சுருங்கியது, ஆனால் மூடவில்லை. நான்காவது மாதம் பார்த்தபோது அதன் விளிம்பு வெள்ளையாகத் தடித்திருந்தது. இனித் தானாக மூடாது என்பதற்கு அது அடையாளம். நடுவில் அந்தச் சீழ் வராமல் இருந்திருந்தால் மூடியிருக்கக்கூடும் என்றே நினைக்கிறேன். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை ஒன்றுக்கு அனுப்பினேன். காதுக்கு மேலே நெற்றிப்பொட்டுத் தசையை மூடியிருக்கும் மெல்லிய உறையில் ஒரு துண்டை எடுத்து ஓட்டையில் வைத்து ஒட்டினார்கள். மூன்று மாதம் கழித்துப் பறை முழுசாக இருந்தது, காற்று வழிக் கேள்திறன் 20 டெசிபலுக்கு வந்தது.

அறுவை முடிந்து ஆறு மாதம் ஆனதும், அங்குள்ள மருத்துவர் சம்மதித்த பிறகே, இடுப்பளவுத் தண்ணீரில் நிற்கச் சொன்னேன். முதலில் தலையை மட்டும் நனைத்துப் பார்த்தார். சுற்றவில்லை. மூக்கைப் பிடித்து மெல்ல ஊதிக் காதைத் திறப்பதை வலி வரும் முன்பே, ஒவ்வொரு முழத்துக்கும் செய்ய வேண்டும் என்று பழக்கினோம். காது திறக்காத நாளில் இறங்கக் கூடாது. இப்போது அவர் ஓர் ஆள் ஆழத்தோடு நிறுத்திக்கொள்கிறார். அதற்குக் கீழே போகப் பயமாக இருக்கிறது என்கிறார். அந்தப் பயத்தைப் போக்க நான் முயலவில்லை.

இப்போது மாற்றிக்கொண்டவை

காது என்று வருகிற யாரிடமும் இப்போது தலைசுற்றலைத் தனியாகக் கேட்கிறேன். ‘தலை சுத்துதா’ என்று கேட்டால் போதாது, பித்தம் என்று அதை ஒதுக்கிவிட்டு இல்லை என்பார்கள். ‘தண்ணிக்குள்ள முங்கும்போது, இல்ல தலைக்கு ஊத்தும்போது சுத்துதா’ என்று கேட்க வேண்டும். கடலுக்குப் போகாதே என்று சொல்வதற்கு முன் அடுத்த தொழில் நாள் எப்போது என்று கேட்கிறேன். முதல் நாளே கேட்டிருந்தால், மூன்று வாரம் கழித்து வரும் அமாவாசையை நானே கணக்குப் பண்ணி மதினியையும் அன்றே வரவழைத்திருப்பேன். சளி பிடித்த நாளில் முங்குவதைப் பற்றி வெறும் வாயால் சொல்லிவந்ததை விட்டுவிட்டு, இப்போது அந்த அறுத்த சங்கைக் கையில் வைத்துக்கொண்டு சொல்கிறேன். அக்கா அதை என்னிடமே விட்டுவிட்டுப் போய்விட்டார்.

அந்த வள்ளத்தில் போகும் மற்றப் பதினோரு பேரையும் ஒரு நாள் வரவழைத்து அதே கேள்வியைக் கேட்டேன். இரண்டு பேர், ஆமாம், சுத்தும் என்றார்கள். ஒருவருக்குக் காதில் அழுக்கு அடைத்திருந்தது, எடுத்ததும் சரியானது. இன்னொருவர் 19 வயதுப் பெண். வலது செவிப்பறையில் பழைய ஓட்டை, சின்ன வயதில் சீழ் வடிந்ததாம். மூன்று வருடமாக அந்தக் காதோடுதான் முங்கிக்கொண்டிருந்திருக்கிறார். அறுவைக்குத் தேதி வாங்கியிருக்கிறோம். அதுவரை வள்ளத்தில் தலை எண்ணுவது அவர்தான்.